நான் எழுதிக் கொடுத்த துண்டு

பாக்கியம் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, தொண்டைக் கிளினிக். வெளியே வாங்குகளில் இடமில்லாமல் சனம் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. நனைந்த ஸ்வெட்டர் வாசமும் டெட்டோல் வாசமும் கலந்து அறைக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு கை வந்து, பேனாவோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்தது. தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன கை.

"என்ன செய்ற? விடு" என்றேன்.

அவள் விடவில்லை. வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. வராது. அவளுடைய குரல்பெட்டியை மூன்று மாதத்துக்கு முன்னால் வெட்டி எடுத்ததே நான்தான். கழுத்தடியில் நான் வைத்துவிட்ட துவாரத்தின் வழியாக மூச்சு மட்டும் வேகமாக வந்து போனது. அதை மறைத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி ஏறி இறங்கியது.

பஸ்ஸுக்கு அவசரப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வேலை செய்யும் தோட்டம் ஹல்துமுல்லைப் பக்கம். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போய், அங்கே பஸ் மாறி, இறங்கிய பிறகும் மேலே நடக்க வேண்டும். "பஸ் எங்கயும் ஓடிராது, இரு" என்று சொல்லி, கையைத் தட்டிவிட்டு எழுதி முடித்தேன். கையெழுத்துப் போட்டேன். சீல் குத்தினேன். கவருக்குள் வைத்து ஒட்டி அவள் கையில் திணித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னேன்.

அவள் கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் தோளைத் தொட்டு வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் ஜெயித்த கதைகளாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்களும் மெச்சிக் கடிதம் போடுகிறீர்கள். இந்த வாரம் மெச்சுவதற்கு ஒன்றும் கிடையாது. இத்தனை காலம் போயும் நினைத்தால் வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

தொண்டைக்கு ஒரு பொம்பளையா?

பதுளை பஜாரில் அப்பாவுக்குத் துணிக்கடை. இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம் என்று எங்களை இன்றைக்கும் சொல்வார்கள். தேயிலை எங்கள் வீட்டுக்குப் பைக்கற்றில் வந்தது. தோட்டம் என்றால், தீபாவளிக்கு முதல் வாரம் லொறி நிறைய வந்து இறங்கி, கடைக்குள் நெருக்கியடித்துச் சேலை பார்க்கும் சனத்தின் ஊர். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

டொக்டருக்குப் படிக்கிறேன் என்றதும் அப்பா பிரசவ டொக்டர் ஆகச் சொன்னார். பெண்பிள்ளைக்கு அதுதான் மரியாதை, பஜாரில் நாலு பேர் கும்பிடுவார்கள் என்றார். நானும் தலையாட்டிக்கொண்டுதான் கொழும்புக்குப் போனேன்.

மனம் மாறியது ஒரு அம்புலன்சுக்குள். படித்து முடித்துப் பயிற்சியில் இருந்த நேரம். தோட்டத்திலிருந்து ஒரு மனுஷனைக் கொண்டுவந்தார்கள். தொண்டைக்குள் கட்டி வளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்திருந்தது. கண்டிக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய நெஞ்சுக்குழி உள்ளே போனது. கண்டி வரவேயில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன், அதற்குள் முடிந்துவிட்டது.

கழுத்தில் ஒரு துவாரம் போட்டிருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருப்பார். போடத் தெரிந்த ஆள் வண்டியில் இல்லை. பதுளையிலும் அன்றைக்கு இல்லை. மலை முழுக்க இத்தனை ஆயிரம் சனத்தை வைத்து வேலை வாங்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு தொண்டை டொக்டரை மலைக்கு அனுப்பத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் இந்தப் படிப்புக்குப் போனேன். சேவை, தியாகம் என்றெல்லாம் மேடையில் சொல்கிறார்களே, அது ஒன்றும் இல்லை.

படிக்கப் போன இடத்திலும் நிம்மதி இல்லை. ஆப்பரேஷன் தியேட்டரில் ஒரு பெரிய டொக்டர் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பார்த்து, சின்னக் கைதான், தொண்டைக்குள் நன்றாகப் போகும் என்றார். தியேட்டரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் என்னைத் தொட விட்டது காதுக் குறும்பி எடுக்கும் வேலையை மட்டும்தான்.

ஊருக்குத் தொண்டை டொக்டராகத் திரும்பி வந்தபோது எனக்கு ஒதுக்கியது பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கி வைத்த அறை. படங்களை நானும் ஒரு அட்டெண்டனும் சேர்ந்து வெளியே தூக்கிப் போட்டோம். லாம்பும் கண்ணாடியும் நான் சொந்தமாகக் கொண்டுவந்தவை. தியேட்டரில் ஒரு நாள் கேட்டு நடந்த நடையில் எனக்குச் செருப்புத் தேய்ந்தது.

அந்த அறைக்குத்தான் தோட்டத்துச் சனம் வந்தது. குரல் கம்மி வரும், சோறு இறங்காமல் வரும். வெற்றிலையை விடு, பொயிலையை விடு என்று எல்லோரையும்போல நானும் திட்டினேன். திட்டுவது சுலபம். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, பத்துமணித் தேத்தண்ணி வரைக்கும் வெறும் வயிற்றோடு கொழுந்து எடுக்கும் பொம்பளைக்கு வாயில் போட வேறு என்ன கொடுத்து வைத்திருக்கிறோம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்ப வெட்டுங்க

பாக்கியம் அப்படி வந்தவள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகள், பண்டாரவளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். குரல் அப்போதே உடைந்து, காற்றும் சத்தமும் கலந்துதான் வந்தது.

கூடவே சரோஜா வந்தாள். தேயிலை மலையில் பாக்கியத்துக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டிலும் பக்கத்து அறை, காம்பரா என்பார்கள். பாக்கியம் ஒரு வார்த்தை சொல்லும் முன்னே இவள் மூன்று வார்த்தை சொல்லிவிடுவாள்.

கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. புற்று குரல்பெட்டியைப் பிடித்திருந்தது. மொத்தமாக எடுக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை ஒருவரும் செய்யாத சத்திரசிகிச்சை. கண்டிக்கு அனுப்பலாம்தான். தோட்டத்தாட்கள் கண்டிக்கும் கொழும்புக்கும் போக மாட்டார்கள், பாஷை தெரியாத வாட்டில் கிடந்து சாக மாட்டோம் என்பார்கள். நானே செய்கிறேன் என்றேன்.

ஒளிக்காமல் சொன்னேன். பேச்சு போய்விடும், திரும்பாது, உயிர் நிற்கும். கழுத்தடியில் ஒரு துவாரம் இருக்கும், காலம் முழுக்க அதனால்தான் மூச்சு விட வேண்டும். சரோஜா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாக்கியம் அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மகளோட பரீட்ச முடியிற வரைக்கும் நான் மலைக்குப் போகணுங்க. போக முடியுமா?"

மூன்று மாதம் போனால் போகலாம் என்றேன்.

"அப்ப வெட்டுங்க."

அவள் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த வாரம் காலையில் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் நின்று வெட்டினேன். புண் ஆறியது, சோறு இறங்கியது. இருந்த புற்றை ஒரு துளி விடாமல் எடுத்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் போனதும் தோட்டத்தில் டொக்டர் துண்டு கேட்டார்கள். துண்டு என்றால் அங்கே கடிதம். நோயாளி வேலைக்குத் திரும்பலாமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் அந்தப் புதன்கிழமை வந்தாள். சரோஜாவும் கூட வந்திருந்தாள். கூட்டமாக இருக்கிறது, கூட வந்தவர்களெல்லாம் வெளியே நில்லுங்கள் என்று அவளை அனுப்பியது நான்தான்.

என்ன எழுதினேன்? இலகுவான வேலை மட்டும் கொடுக்கவும். பாரம் தூக்கக் கூடாது. தூசியும் மருந்துப் புகையும் படக் கூடாது. மழையில் நிற்கக் கூடாது. அக்கறையோடு, ஒன்றும் விடாமல், அழகான இங்கிலீஷில் எழுதினேன்.

பொன்னாடை

இரண்டு மாதம் போயிருக்கும். பதுளையில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மலைநாட்டின் முன்னோடித் தொண்டை வைத்தியர் என்று பேனர். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, ஆளுக்கு அரைமணி நேரப் பேச்சு. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொண்டை டொக்டரையும் பஜாரில் கும்பிடுவார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

என் முறை வந்தபோது பாக்கியத்தின் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. குரல்பெட்டியே இல்லாத ஒரு பெண் இன்றைக்கு மலையில் மறுபடியும் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொன்னது அத்தனையும் பொய். பொய் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் அதற்குள் இரண்டு கிளினிக் நாட்களுக்கு வராமல் விட்டிருந்தாள். புற்று நோயாளி வராமல் விட்டால் மறுபடி வளர்வதைக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு வந்த கோபத்தில் நர்ஸ்மாருக்கு முன்னால் வைத்தே, இந்த ஆட்களுக்கு எவ்வளவு செய்தாலும் இப்படித்தான், சுகமானதும் டொக்டரைத் தெரியாது என்று கத்தினேன். எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும். அன்றைக்கு வாட்டுக்கு வெளியே வரைக்கும் கேட்டிருக்கும்.

சரோஜா வந்த திங்கட்கிழமை

விழா முடிந்த மூன்றாம் நாள் சரோஜா காதுவலி என்று வந்தாள். காதைப் பார்க்கும் முன்னே அவளைப் பிடித்துக்கொண்டேன். உன் கூட்டாளி ஏன் வருவதில்லை, சாக ஆசையா என்று கேட்டேன்.

சரோஜா வழக்கமாகப் பட்டாசு. அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். தோட்டத்தில் பாக்கியத்தின் பேரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இலகுவான வேலை என்று தோட்டத்தில் ஒன்றும் இல்லை. துண்டில் அப்படி எழுதியிருந்தால் மலைக்கு எடுக்க மாட்டார்கள், வேறு வேலையும் தர மாட்டார்கள். அது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் டொக்டர்மாரிடம் துண்டு கேட்கப் போகும்போது, ஐயா ஒண்ணும் எழுதிராதீங்க, சொகம்னு மட்டும் எழுதுங்க என்று காலில் விழாத குறையாகச் சொல்வார்களாம்.

"அன்னைக்கு அதத்தாங்க சொல்ல வந்துச்சு. நான் உள்ள இருந்திருந்தா சொல்லிருப்பேன்."

பேனாவைப் பிடித்தாளே, பஸ்ஸுக்கு அவசரம் என்று நினைத்தேனே. அவளுடைய குரலை வெட்டி எடுத்தவள் நான். அவளுக்கு மிச்சமிருந்த குரலை வாசலுக்கு வெளியே நிறுத்தியவளும் நான்.

கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். தினமும் காலையில் பெரட்டுக்குப் போய் நிற்கிறாள் என்றாள் சரோஜா. பெரட்டு என்பது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடம். ஒரு நாள் போகாமல் விட்டால் தானாக விலகிவிட்டாள் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். பேரை வெட்டிவிட்டால் அடுத்தது காம்பராவை விடச் சொல்வார்கள். பிறகு மகள் படித்தாற்போலத்தான்.

"இத முதல்லயே எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாமே" என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. சரோஜா முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்ககிட்ட எப்பிடிங்க வந்து சொல்றது?"

பெரட்டுக் களம்

அடுத்த நாள் விடியுமுன்னே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஹப்புத்தளை தாண்டும்போது வெளுத்தது. இப்போது எங்கே பார்த்தாலும் ஹோட்டல், போர்டு. எல்ல என்ற ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரப் பெட்டைகள் வாடகைக்குச் சேலை உடுத்தி, கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிக்கு நடுவில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு வரிசை வேறு நிற்கிறது. கூடையைச் சுமக்கத் தெரிந்தவள் வேலை இல்லாமல் நிற்கிறாள் என்று எண்ணியபோது ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினேன். ஹோர்ன் அடித்து, முன்னால் போன திரீவீல்காரன் திரும்பிப் பார்த்தான்.

தோட்டத்தின் பேரை எழுத மாட்டேன். பெரட்டுக் களத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். பனியும் குளிரும். தலையில் கொங்காணிச் சாக்குப் போட்டுக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்துவிட்டு, சொன்ன மலைக்குப் பிரிந்து நடக்கிறாள்.

ஓரத்தில் பாக்கியம் நின்றாள். கூடை, கொங்காணி, கழுத்தில் சலவை செய்த வெள்ளைத் துணி. எல்லாம் சரியாகக் கட்டிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பியவளாகவே நின்றாள். கடைசிப் பேர் வரைக்கும் கூப்பிட்டு முடித்தார். அவள் பேர் வரவில்லை. களம் காலியானது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கூடையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக இதைச் செய்திருக்கிறாள்.

நான் கணக்கப்பிள்ளையிடம் பாய்ந்தேன். மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வயசாளி, பதறிப்போய்விட்டார். ஆபீஸுக்குள் ஓடி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். என் துண்டு. என் கையெழுத்து, என் சீல்.

"நீங்க எழுதினதுதாங்க, டொக்டரம்மா. நாங்க ஒண்ணும் கூட்டிக் கொறைக்கலிங்க."

மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

தொரையின் தேத்தண்ணி

தோட்டத்து மேனேஜரை இன்னும் தொரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தத் தொரை இளவட்டம், கொழும்புப் பிள்ளை, நல்ல மரியாதை. என்னை உட்கார வைத்து மெல்லிய கோப்பையில் தேத்தண்ணி வரவழைத்தார். பாக்கியமும், மலைக்குப் போகாமல் கூட நின்றுவிட்ட சரோஜாவும் வெளியே படியில் நின்றார்கள். அவர்களை உள்ளே வா என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் பேசியதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. வைத்தியரின் எழுத்துக்கு மாறாக மலைக்கு அனுப்பி ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? குளவி கிளம்பினால் முதலில் பார்த்தவள் கத்தித்தான் மற்றவர்களை எச்சரிப்பாள். சரிவில் விழுந்தால் கத்தித்தான் ஆள் கூப்பிட வேண்டும். இந்தப் பெண் எப்படிக் கத்துவாள்?

பிறகு ஒரு யோசனை சொன்னார். கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிட்டால் என்ன?

நான் கோப்பையை வைத்தேன். அவளுக்கு வாய் வழியாகக் காற்றே வராது, விசில் ஊத முடியாது, மெழுகுதிரியைக்கூட அணைக்க முடியாது என்றேன். மூச்சு வருவது கழுத்தால் என்று தொட்டுக் காட்டினேன். அவர் முகம் சிவந்து, மன்னிக்கச் சொன்னார். பாவம், அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? இரண்டு மாதமாக அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே அவள் நின்றிருக்கிறாள். ஒரு நாள் கூப்பிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

குளவி வந்தால் அடுத்த நிரையில் இருப்பவள் கத்துவாள், நான் வேறு துண்டு தருகிறேன் என்றேன். அங்கேயே வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதினேன். பூரண சுகம். எல்லா வேலைக்கும் தகுதி. கையெழுத்து. சீல் பைக்குள்ளேயே இருந்தது, அதையும் குத்தினேன்.

அவர் வாசித்துப் பார்த்து, நாளையிலிருந்து பேரைப் போடச் சொல்கிறேன் என்றார். உங்களுக்காகச் செய்கிறேன், டொக்டர் என்றும் சொன்னார்.

எனக்காகவாம். புற்றோடு படுத்து எழும்பியவள் இரண்டு மாதம் பனியில் நின்று கேட்டதற்குக் கிடைக்காதது, கார் வைத்திருப்பவள் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்ததும் கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

படியடியில்

ஆபீஸில் எடுத்துத் தந்த துண்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஜெயித்துவிட்ட நடைதான், ஒளிப்பானேன். பாக்கியத்திடம், எல்லாம் சரியாகிவிட்டது, எல்லா வேலையும் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நாளைக்கே பேர் வரும் என்றேன்.

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது. எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. தொண்டையைப் பற்றி அத்தனை படித்தவளுக்கு ஒரு மனுஷியின் உதட்டைப் பார்க்கத் தெரியவில்லை. சரோஜாவைப் பார்த்தேன்.

"சந்தோஷங்க, நீங்க நல்லா இருக்கணும்னு சொல்லுது" என்றாள் சரோஜா.

பாக்கியம் அவள் கையில் சுள்ளென்று ஒரு அடி வைத்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் வாயை அசைத்தாள், இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல். கழுத்துத் துணி வேகமாக அடித்துக்கொண்டது. சரோஜா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உள்ளபடி சொல்லு என்றேன்.

"கோவிக்காதீங்க டொக்டரம்மா. 'இதையும் எங்கிட்ட கேக்காமத்தான் எழுதுனீங்களா?'ன்னு கேக்குது."

வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம். எல்லா வேலையும் என்றால் செடிக்கு மருந்தடிக்கும் வேலையும்தான். முதல்நாள் மருந்தடித்த மலையில் போய் நிற்பதும்தான். மூடியில்லாத அந்தத் துவாரத்தோடு இவளை அதற்கு அனுப்பலாம் என்று இப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். முதல் துண்டு அவள் வேலையைப் பிடுங்கியது. இரண்டாவது துண்டு உயிரையே பிடுங்கியிருக்கும். இரண்டையும் எழுதியது அவளைக் காப்பாற்றியவள் என்று பொன்னாடை வாங்கிய நான்.

ஆபீஸுக்குள் திரும்பிப் போய், தொரையின் மேசையில் கிடந்த தாளை எடுத்துக் கிழித்தேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். பத்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லி, இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து, காரின் பானட்டில் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"என்ன எழுதணும்னு சொல்லுங்க, பாக்கியம்."

அவள் சரோஜாவைத் தன் பக்கமாகத் திருப்பி நிறுத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கொழுந்துக்குப் போவாள், மருந்தடித்த மலைக்கு மூன்று நாள் போக மாட்டாள். கூடைக் கயிற்றைத் தலையில் போடாமல் தோளில் போடுவாள், வீட்டில் தண்ணீர்க் குடத்தை அப்படிக் கட்டித் தூக்கிப் பழகிவிட்டாள். நிறுவைக்கு அரைக்கூடையாக இரண்டு நடை கொண்டுவருவாள். சரோஜாவுக்கு அடுத்த நிரையைத்தான் கொடுக்க வேண்டும். பெரட்டில் பேர் கூப்பிட்டால் கூடையில் தட்டுவாள், அதைக் கணக்கப்பிள்ளை ஏற்க வேண்டும். மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளினிக்குக்கு விட வேண்டும். சரோஜா மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, நான் எழுதினேன். நடுவில் இரண்டு இடத்தில் பாக்கியம் என்னை நிறுத்தி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். தாளின் ஒரு பக்கம் போதவில்லை.